அமேசான் ஆர்டிஎஸ்

அமேசான் ஆர்டிஎஸ் என்பது அமேசான் வெப் சர்வீசசு நிறுவனம் மேகக் கணிமை வழியாக வழங்கும் தொடர்புசால் தரவுத்தளச் சேவை ஆகும். 2009 அக்டோபரில் மைசீக்குவெல் மென்பொருளுடன் தொடங்கப்பட்ட இச்சேவையில் ஆரக்கிள், போசுட்டுகிரெசு, மரியாடிபி முதலியன பின்னர் சேர்க்கப்பட்டன.

வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், கிடங்கு இருப்பு போன்ற நிறுவன உள்பயன்பாட்டுச் செயலிகளுக்கு இத்தகைய சேவை பொருத்தமானது. இவற்றைச் சிலரே பயன்படுத்துவர். எனினும் சம்பள நாளில் தரவுத்தளம் நின்றுபோனால் அனைவரும் காத்திருக்க நேரிடும். தனியே ஒரு தரவுத்தள நிர்வாகியை அமர்த்த இயலாத நிறுவனங்களுக்கே இதன் பயன் மிகுதி.

பொறுப்புப் பகிர்வு

வன்பொருள், இயக்குதளம், பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகியவற்றை அமேசான் கவனித்துக்கொள்கிறது. அட்டவணைகளின் வடிவமைப்பும், வினவல்களின் வேகமும், எந்தத் தரவை யார் காணலாம் என்ற உரிமையும் பயனரின் பொறுப்பாகும். உள்பயன்பாட்டுத் தரவுத்தளத்தைப் பொது இணையத்திலிருந்து அணுக இயலாதவாறு தனியார் பிணையத்தினுள் வைப்பதும் பயனரின் கடமையே.

காப்புநகல்

தானியங்கிக் காப்புநகல்களை 35 நாட்கள் வரை வைத்திருக்கலாம். அக்காலத்தினுள் வேண்டிய ஒரு நொடியின் நிலைக்குத் தரவை மீட்க இயலும். கடைசி ஐந்து நிமிடங்கள் மட்டும் பெரும்பாலும் விடுபடும். மீட்பின்போது பழைய தரவுத்தளம் திருத்தப்படுவதில்லை. புதிய தரவுத்தளம் ஒன்று வேறு முகவரியில் உருவாகும். செயலியை அதனுடன் இணைக்க வேண்டும். விபத்து நேர்ந்த பின் இதைக் கற்பது கடினம் என்பதால் முன்கூட்டியே ஒருமுறை மீட்டுப் பார்ப்பது நன்று. தரவுத்தளத்தை நீக்கும்போது, தக்கவைக்குமாறு தெரிவு செய்யாவிடில், தானியங்கிக் காப்புநகல்களும் அழிந்துவிடும். பயனர் தாமே எடுத்த நகல்கள் அழியா.

பல்மண்டல அமைப்பு

2010இல் அறிமுகமான இவ்வமைப்பில் மற்றொரு தரவு மையத்தில் மாற்று நகல் ஒன்று உடனுக்குடன் பேணப்படுகிறது. 2011 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் ஏற்பட்ட சேமிப்பகக் கோளாறில், ஒரே மண்டலத்தில் இயங்கிய தரவுத்தளங்கள் பல முடங்கின. பல்மண்டல அமைப்பில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை மாற்று நகலுக்கு மாறின. ஆயினும் இது காப்புநகலுக்கு ஈடாகாது. ஊழியர் ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் மாற்று நகலை உடனே சென்றடையும்.

செலவு

அலுவலக நேரத்தில் மட்டும் தேவைப்படும் தரவுத்தளத்தை நிறுத்தி வைக்கலாம். ஏழு நாட்களுக்குப் பின் அது தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கும். நிறுத்தியிருக்கும்போதும் சேமிப்பகக் கட்டணம் உண்டு. பழைய பதிப்புகளிலேயே தங்கிவிடுவதும் செலவைக் கூட்டும். மைசீக்குவெல் 5.7 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2024 பிப்ரவரியில் முடிந்தது. அதன் பின்னும் அதில் தொடர்வோரிடம் நீட்டித்த ஆதரவுக்கெனத் தனிக் கட்டணம் பெறப்படுகிறது.