லினக்ஸ் மென்பொருள் ரெயிடில் இரட்டைத் தொடக்க வன்தட்டுகள்

லினக்ஸ் சேவையகத்திலுள்ள இரண்டு வன்தட்டுகளில் எது பழுதானாலும் மற்றதிலிருந்து கணினி எழும்புவதற்கான ஏற்பாடு. பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்துப் பயன்படுத்தும் ரெயிட் என்னும் கருத்தை 1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் ஆய்வுக் கட்டுரையொன்றில் முன்வைத்தனர். லினக்ஸில் இவ்வேலையைக் கெர்னலின் 'எம்டி' பகுதி செய்கிறது. அதை நிர்வகிக்கும் 'எம்டிஅட்ம்' கருவியை எழுதியவர் நீல் பிரவுன். இதற்கெனத் தனி ரெயிட் அட்டை தேவையில்லை.

ரெயிட் 1 முறையில் ஒரே தரவு இரு தட்டுகளிலும் இருப்பதால் மட்டும் கணினி எழும்பிவிடாது. எம்டியை அறிந்தது கெர்னல். கெர்னல் ஏறுமுன் இயங்கும் பயாஸுக்கு அது தெரியாது. பயாஸ் ஒரு தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து அங்குள்ள கிரப் தொடக்க நிரலை இயக்கும். பகிர்வுகளை மட்டும் ரெயிட் 1இல் சேர்த்திருந்தால் அந்த 512 பைட்டுகள் அதற்கு வெளியே நிற்கும். எனவே கிரப்பை ஒவ்வொரு தட்டிலும் தனித்தனியே நிறுவ வேண்டும். முதல் தட்டில் மட்டும் நிறுவிவிட்டு, வேலை முடிந்தது என்று விடுவதே அதிகம் நடக்கும் பிழை.

பயாஸுக்குப் பதிலாக யூஈஎஃப்ஐ நிலைபொருள் உள்ள கணினிகளில் தொடக்கக் கோப்புகள் ஃபாட் வடிவப் பகிர்வொன்றில் இருக்கும். அதையும் ரெயிட் 1 ஆக்கலாம். ஆனால் எம்டி தன் விவரங்களை எழுதிவைக்கும் குறிப்பேட்டின் 1.0 பதிப்பையே பயன்படுத்த வேண்டும். அது பகிர்வின் கடைசியில் எழுதப்படுவதால் நிலைபொருளின் கண்ணுக்குச் சாதாரண ஃபாட் பகிர்வாகவே தெரியும். 1.2 பதிப்பு பகிர்வின் முற்பகுதியில் எழுதப்படுவதால் இதற்கு உதவாது. 1.0 முறையிலும் ஓர் ஆபத்து உண்டு: நிலைபொருள் தானாக ஒரு பகிர்வில் எழுதினால், எம்டி அறியாமலே இரு பிரதிகளும் வேறுபட்டுவிடும். இரு தட்டுகளிலும் தனித்தனிப் பகிர்வு வைத்து, ஒவ்வொரு மேம்படுத்தலின் பின்னும் ஒன்றை மற்றதற்குப் படியெடுப்பதே பாதுகாப்பானது. அப்பகிர்வுகளுக்கு எஃப்எஸ்டாப் கோப்பில் 'நோஃபெயில்' குறிப்பும் தேவை. இல்லையேல் ஒரு தட்டு காணாமற்போனதும் தொடக்கம் அவசரநிலையில் நின்றுவிடக்கூடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அமைந்துள்ள கிளிநொச்சி போன்ற இடத்தில் இது சிறு விடயமன்று. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. நெடுங்காலம் ஓடிய வன்தட்டு, நின்று மீண்டும் சுழலத் தொடங்கும்போதே பழுதாவதுண்டு. தொடக்க ஏற்பாட்டிலுள்ள குறையும் அப்போதுதான் வெளிப்படும். உதவி தேடிப் போகக் கொழும்போ சாலைவழியே 300 கிலோமீற்றருக்கும் அப்பால்.

ஆகவே சோதனை கட்டாயம். கணினியை நிறுத்தி, முதல் தட்டின் வடத்தைக் கழற்றிவிட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும். ரெயிடின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் இரண்டு 'யூ' எழுத்துகளுள் ஒன்றின் இடத்தில் அடிக்கோடு தெரியும். புதுத் தட்டு மாற்றும்போது ரெயிடில் சேர்த்து ஒத்திசைத்த பிறகு, கிரப்பையும் அதில் மறுபடி நிறுவ வேண்டும்.

ரெயிட் காப்புப்பிரதி அன்று. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியின் பல பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளம் ஒரே பெட்டியிலுள்ள இரு தட்டுகளையும் சேர்த்தே அழிக்கும்; வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இன்னொரு பிரதி இருக்கட்டும்.