யார் பெயரால், யார் எழுத்து?
மலையகத் தமிழ் எழுத்தும் இயந்திர எழுத்தின் வருகையும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், தமக்குக் கிடைக்கும் ஏடு யாரால் எழுதப்பட்டது என்பதை முதற்கண் வினவுதல் வேண்டும். இவ்வினா எல்லாச் சமுதாயங்களுக்கும் பொதுவானதே. ஆயினும் நுவரெலியா, அட்டன், தலவாக்கலை முதலிய பகுதிகளின் பெருந்தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரைப் பொறுத்தவரை அது தனி முக்கியத்துவம் பெறுகின்றது. அவர்களைப் பற்றிய பழைய எழுத்தின் பெரும்பகுதி பிறர் எழுதியதாகும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயலி வெளியிடப்பட்ட பின்னர், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆக்கப்பெறும் கட்டுரையும் கதையும் நூலும் இணைய வெளியீட்டுத் தளங்களில் பெருகிவருகின்றன. அதனால் அந்தப் பழைய வினாவை மலையகம் பற்றி மீண்டும் எழுப்பவேண்டிய நிலை தோன்றியுள்ளது.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். 1869 இல் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூல் அச்சேறியது. இயற்றியவர் ஆபிரகாம் ஜோசப். கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டிலே கூறும் இந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. (கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையிற் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில்தான், வரலாறு சில வேளைகளிற் குறும்பு செய்கின்றது.) கும்மி உழைக்கும் பெண்களின் வடிவம். ஆனால் இந்நூலில் வடிவம் மட்டுமே அவர்களுடையது. நோக்கு தோட்ட நிருவாகத்தைச் சார்ந்தது. பாடுவோர் வாய்க்கு இசைந்த மெட்டிலே ஆள்வோர் மனத்துக்கு இசைந்த பொருள் பெய்யப்பட்டது எனலாம். எனினும் அந்நூலுக்கு ஆசிரியர் பெயர் உண்டு. ஆதலால் அவர் யார் சார்பில் நின்று பாடினார் என்று இன்றும் நாம் ஆராய முடிகின்றது.

தொழிலாளியின் வாழ்வை நிருணயித்த மற்றோர் எழுத்து 'துண்டு' எனப்பட்ட சிறு சீட்டாகும். கடனைத் தீர்த்தால் இன்ன ஆட்களை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக்கொடுத்த இச்சீட்டின்றி ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்லுதல் அரிது. 1921 இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவற்றினும் கொடிய அனுபவம் குடியுரிமை விண்ணப்பங்களாற் கிட்டியது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் அவர்கள் விண்ணப்பிக்கலாயிற்று. முதலிற் சட்டத்தைப் புறக்கணித்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் பின்னர் விண்ணப்பிக்கும்படி கூறியதால், 1951 ஆகஸ்டில் முடிவடைந்த காலக்கெடுவுக்கு முன் படிவங்கள் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. எழுத்தறிவு வாய்க்கப்பெறாத மக்களுக்காக எழுதத் தெரிந்தோர் எழுதினர். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. மறுக்கப்பட்டவற்றுட் பல, திகதியிலும் வதிவிட விபரத்திலும் காணப்பட்ட சிறு முரண்பாடுகளைக் காட்டி மறுக்கப்பட்டவை. எழுதிய கையின் பிழைக்கு எழுதப்பட்டவரே விலை கொடுத்தார்.

இந்நிலையிலிருந்து தம் பெயரால் தாமே எழுதும் நிலைக்கு மலையகம் வந்த கதை நீண்டது. 1924 இல் கோ. நடேசய்யர் தொடங்கிய 'தேசபக்தன்', 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அவர் அமைத்த தொழிலாளர் சம்மேளனம், அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940 இல் வெளியிட்ட பாடல் நூல் ஆகியன அதன் தொடக்கப் படிகள். மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, மக்கள் வாய்மொழியாகப் பாடிய பாடல்களைத் தேடித் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் அத்தொகுப்பு அவர் மறைந்தபின் 1987 இல் வெளிவந்தது. 1869 ஆம் ஆண்டுக் கும்மியையும் இத்தொகுப்பையும் அருகருகே வைத்துப் படிப்பவர், ஒருவர் வாயிற் சொல்லை இடுவதற்கும் ஒருவர் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

இனி இயந்திர எழுத்தை நோக்குவோம். தமிழ் இணையத்தில் இதற்கு முன்னோடியான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், 2009 அளவில் கூகிள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியையும் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரையும் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைப் பெருமளவிற் சேர்ப்பித்தது. நீளமான கட்டுரைகள், ஆனால் வாக்கியங்கள் தமிழாக நடவாதவை. பிழை சுட்டிக் குறிப்பு எழுதினால் மறுமொழி கூற இட்டவர் மீண்டும் வருவதில்லை. தன்னார்வலர் இவற்றைத் திருத்தும்படி நிறுவனத்திடம் கேட்டனர். வங்காள விக்கிப்பீடியர் நீக்கவும் முற்பட்டனர். தமிழ்த் தரப்பின் அனுபவத்தை இரவிசங்கர் 2010 இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் எடுத்துரைத்தார். மொழிநடையைக் காட்டிலும், கேட்டால் விடைசொல்ல ஆளில்லாமையே பெருங்குறை என்பது என் கருத்து. நடையைத் திருத்திவிடலாம்.

அன்று மொழிபெயர்க்க மூலமேனும் இருந்தது. இன்றைய இயந்திரத்துக்கு அதுவும் வேண்டுவதில்லை. 2023 பெப்ரவரியில், இயந்திரம் எழுதிய 500க்கும் மேற்பட்ட கதைகள் ஒரே மாதத்தில் வந்து குவிந்ததால், 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்னும் அமெரிக்க இதழ் படைப்புகள் பெறுவதைச் சிறிது காலம் நிறுத்தியது. அதே ஆண்டு செப்டெம்பரில் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் தளத்தில் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று நூல்களுக்கு மேல் புதிதாக வெளியிடலாகாது என வரையறுத்தது. நாளொன்றுக்கு மூன்று நூல் என்பதே ஒரு வரம்பாயிற்று! இயந்திரம் ஆக்கியதாயின் நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் விதி. ஆனால் அவ்வறிவிப்பு வாசகர் கண்ணிற் படுவதில்லை.

அரச அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வகையறியாத தோட்டத்து இளைஞருக்கு இயந்திரம் உதவுமாயின் அதை நான் குறைகூறேன். மனு எழுதிக்கொடுப்போரின் தொழில் அது, எழுதியதைப் படித்துப்பார்த்து ஒப்பமிட ஓர் ஆளும் அங்கு உண்டு. வரலாற்றெழுத்தில் நிலைமை வேறு. இயந்திரம் தான் கற்ற எழுத்திற் பெரும்பான்மையாக உள்ளதையே திருப்பித் தரும் இயல்புடையது. இயந்திரம் ஆக்கியதையே அடுத்த இயந்திரம் கற்குமாயின் அரியவை முதலில் மறைகின்றன என்பதை 2024 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இணையத்திலுள்ள தமிழில் மலையகத் தமிழ் அத்தகைய அரிய சிறுபகுதியாகும்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம். பொதுத் தமிழ் மட்டும் கற்ற இயந்திரத்துக்குப் பேர் என்பது பெயரே. அரைப்பேர் பொருளற்றதாகிவிடும், அல்லது பொருத்தமான வேறொரு சொல்லாகத் திருத்தப்பட்டுவிடும். திருத்தப்பட்டது நன்றாகவே வாசிக்கப்படும். மாலையில் மடுவத்திலே கொழுந்து நிறுத்து, அரைப்பேர் என்று கேட்டு வீடு திரும்பிய பெண்ணொருத்தி அந்த வாக்கியத்தில் இரார்.