தண்டாயுதபாணி பிலிம்ஸும் நான் கேட்க வேண்டிய மன்னிப்பும்



போன வாரம் சாண்டோ சின்னப்பா தேவர் பற்றி நான் இரண்டு வரி எழுதியதைப் பார்த்து, 'சார், தேவர் பிலிம்ஸ் வேறு, தண்டாயுதபாணி பிலிம்ஸ் வேறா?' என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். பாடம் நடத்திப் பழகிய வாய். சுருக்கமாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை இராமநாதபுரத்துக்காரர் தேவர். உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த உடம்பு. 'சாண்டோ' பட்டம் அதனால் வந்தது. சின்னச் சின்ன வேடங்களில் நடித்துப் பார்த்துவிட்டு, 1956-இல் 'தாய்க்குப்பின் தாரம்' படத்தோடு தேவர் பிலிம்ஸைத் தொடங்கினார். கதாநாயகன் எம்.ஜி.ஆர். பிறகு 'தாய் சொல்லைத் தட்டாதே', 'வேட்டைக்காரன்', 'விவசாயி' என்று 1972-இன் 'நல்ல நேரம்' வரை அந்த ஜோடிக்குப் பதினாறு படங்கள். பெரும்பாலானவற்றுக்கு இயக்குநர், தேவரின் தம்பி எம்.ஏ.திருமுகம்.

அந்தக் கம்பெனிக்குள்ளேயே இன்னொரு பெயர்ப் பலகை தண்டாயுதபாணி பிலிம்ஸ். பெயரே பழனி ஆண்டவர் பெயர். எம்.ஜி.ஆர். இல்லாத சிறிய படங்களும் பக்திப் படங்களும் அந்தப் பலகையின் கீழ் வந்தன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரே வீட்டில் இரண்டு தறி.

1969-இல் 'துணைவன்'. ஏ.வி.எம்.ராஜன், சௌகார் ஜானகி நடித்தது. சிறுமி ஸ்ரீதேவி பால முருகனாக வந்தார். கே.பி.சுந்தராம்பாள் பாடினார். 1972-இல் 'தெய்வம்'. முருகன் தலங்களைச் சுற்றி ஆறு கதைகள். எழுதியவர் வாரியார் சுவாமிகள். இசை குன்னக்குடி வைத்தியநாதன். மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், சூலமங்கலம் சகோதரிகள், பெங்களூர் ரமணியம்மாள் என்று கச்சேரி மேடைக்காரர்களைத் திரையிலேயே கொண்டுவந்து பாட வைத்தார் தேவர். அதுவரை கதாநாயகன் வாயசைக்கப் பின்னணிக் குரல் கேட்ட ஜனங்கள், பாடுகிறவர் முகத்தையே பார்த்தார்கள். மருதமலைப் பாட்டு இன்றும் ஆடிக் கிருத்திகைக்கு நம் தெரு ஒலிபெருக்கியில் வருகிறது. 1975-இல் 'திருவருள்' வந்தது.

இனி, என் கதை.

அந்தக் காலத்தில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியார். பகுத்தறிவு பேசுகிற வயது. 'ஒன்று யானை, இல்லாவிட்டால் முருகன். இதுதானே தேவர் படம்' என்று டீக்கடையில் கேலி செய்வோம். ஒருநாள் 'நான் பார்த்த திரைப்படம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் 'தெய்வம்' பற்றி எழுதியிருந்தான். அதை வகுப்பில் உரக்கப் படித்து, 'இது படமா, உண்டியலா?' என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்தவன் மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

அவன் கட்டுரையின் கடைசிப் பத்தியை நான் படிக்காமல் விட்டுவிட்டேன். பல வருஷம் கழித்து, அவர் மகள் கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அவரே சொன்னார்.

அவருடைய ஆயா வருஷா வருஷம் திருத்தணிக்கு நடந்தே போனவர். கால் முடங்கிய பிறகு, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவதோடு சரி. சினிமா என்றாலே முகம் சுளிப்பவர். 'இது தண்டாயுதபாணி படம்மா' என்று மகன் சொன்னதும் சரி என்றாராம். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, கொட்டகைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். திரையில் முருகன் வந்ததும் மணல் தரையில் உட்கார்ந்தபடியே கைகூப்பினாராம். அவர் பார்த்த ஒரே படம் அது.

தேவர் சாதித்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பலகை ஒரு உத்தரவாதம். கொட்டகைக்குள் காலே வைக்காதவர்களையும் அது உள்ளே கூட்டிவந்தது. தேவருக்கு அது வியாபாரமும்தான், மறுக்கவில்லை. ஆனால் லாபத்தில் முருகனுக்கு ஒரு பங்கு என்று வைத்து, மருதமலைத் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்தவர் அவர். நம்பாததை விற்கவில்லை.

யானையைக் கேலி செய்தோமே, அதற்கும் பதில் கிடைத்தது. அவர் 1967-இல் எடுத்த 'தெய்வச் செயல்' கதைதான் 1971-இல் ராஜேஷ் கன்னா நடித்து 'ஹாத்தி மேரே சாத்தி' ஆகி இந்தியா முழுக்க ஓடியது.

1978 செப்டம்பரில் தேவர் காலமானார். மகனும் மருமகன் ஆர்.தியாகராஜனும் ரஜினி, கமலை வைத்துத் தொடர்ந்து படம் எடுத்தார்கள். 'தெய்வம்' போல இன்னொன்று வரவில்லை. பலகை இருந்தாலும் அதற்குப் பின்னால் நின்று கும்பிட்ட ஆள் இல்லையே.

அந்த மாணவர் இந்தப் பதிவைப் படிப்பார். கல்யாணப் பந்தியில் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். எல்லோர் முன்னாலும்தானே அன்றைக்குக் கேலி செய்தேன்.

தம்பி, உன் கட்டுரை நல்ல கட்டுரை. வாத்தியார்தான் முழுசாகப் படிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கொட்டகையில் பார்த்த முதல் படம் எது? கேட்டு எழுதுங்கள். இந்த முறை கடைசிப் பத்திவரை படிப்பேன்.