சிம்பொனியில் ஒலித்த பாஞ்சோ



முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் வகுப்பில் அமெரிக்க வரலாறு கற்பித்தவன். 1863இல் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தையும், 1865இல் அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தத்தையும் கரும்பலகையில் எழுதுவேன். அத்துடன் பாடம் முடிந்துவிடும். விடுதலை பெற்ற மக்கள் அதன்பின் என்ன ஆனார்கள் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அக்குறையை இன்று ஓர் இசைக் கலைஞரின் வரலாற்றைக் கொண்டு ஓரளவு தீர்க்க விழைகிறேன்.

வில்லியம் கிராண்ட் ஸ்டில் 1895ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்து உட்வில் என்னும் சிற்றூரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையை இழந்தார். ஆசிரியையான தாயார் அவரை லிட்டில் ராக் நகரில் வளர்த்தார். பாட்டியார், அடிமைக் காலத்தில் பிறந்த பக்திப் பாடல்களைப் பாடிக் காட்டினார். வளர்ப்புத் தந்தையாரோ ஐரோப்பிய ஆபரா இசைத்தட்டுகளை வாங்கி வந்தார். இரண்டும் சிறுவனின் உள்ளத்தில் ஒருங்கே இடம் பெற்றன.

மகன் மருத்துவனாக வேண்டுமென்பது தாயாரின் விருப்பம். அவரோ கல்லூரியைப் பட்டம் பெறாமலே விட்டு இசையை நாடினார். 1916இல் மெம்ஃபிஸ் நகரில், புளூஸ் பாடல்களை அச்சேற்றிப் புகழ்பெற்ற ஹேண்டியிடம் பணியாற்றினார். பின்னர் நியூயார்க் சென்று, நாடக அரங்கில் ஓபோ வாசித்தும், ஜாஸ் குழுக்களுக்கும் வானொலிக்கும் இசை அமைத்துக் கொடுத்தும் பிழைத்தார். இடையே சாட்விக் என்னும் மரபுவாதியிடமும், வரேஸ் என்னும் புதுமைவாதியிடமும் பாடம் கேட்டார்.

1930இல், தம் முப்பத்தைந்தாம் வயதில், 'ஆப்பிரிக்க அமெரிக்கச் சிம்பொனி'யை இயற்றினார். ஏக்கம், துயரம், நகைச்சுவை, உயர்நோக்கம் என நான்கு பகுதிகள் கொண்டது அது. அதன் தலைமைப் பண் புளூஸ் முறையில் அமைந்தது. புளூஸ் என்பது, முதலடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் மறுமொழி கூறி முடிக்கும் எளிய மக்களின் பாட்டு. அதைத் தாழ்ந்ததென எண்ணியவர் வெள்ளையரிடையே மட்டுமல்ல, கறுப்பினத்துப் பெரியோரிடையேயும் இருந்தனர். அதனை இசையின் உச்சப் படிக்கு உயர்த்த முடியுமெனக் காட்டுவதே தம் நோக்கமென்று ஸ்டில் குறித்திருக்கிறார்.

மூன்றாம் பகுதியில் பாஞ்சோ ஒலிக்கிறது. ஆப்பிரிக்காவின் சுரைக்குடுக்கைத் தந்தி வாத்தியங்களின் வழிவந்த இக்கருவியை அமெரிக்க மண்ணில் உருவாக்கியவர்கள் அடிமைகளே. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தாரை ஏளனம் செய்த மேடைகளில் அதே கருவி கேலிப் பொருளாயிற்று. அதனை ஸ்டில் வயலின்களுக்கும் குழல்களுக்கும் இடையே மதிப்புடன் அமர்த்தினார்.

1931இல் ஹோவர்ட் ஹான்சன் தலைமையில் ராச்செஸ்டர் இசைக்குழு அதை அரங்கேற்றியது. முன்னணி இசைக்குழு ஒன்று கறுப்பினத்தார் இயற்றிய சிம்பொனியை வாசித்தது அதுவே முதன்முறை. 1936இல் லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்குழுவை ஸ்டில் தாமே நடத்தினார். நாட்டின் பெரிய இசைக்குழு ஒன்றை நடத்திய முதல் கறுப்பினத்தவர் அவரே. 1978இல் காலமானார்.

மாணவர்களே, இன்னுமொரு செய்தி. பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்ற தீர்ப்பு 1954இல்தான் வந்தது. ஸ்டில் வளர்ந்த அதே லிட்டில் ராக் நகரில், 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் படைவீரர் காவலுடன் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைய வேண்டியிருந்தது. இசையரங்கின் கதவு திறந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தும் பள்ளியின் கதவு எளிதில் திறக்கவில்லை.

ஆகவே, 1865 என்று நான் எழுதிய இடத்தில் பாடம் முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது. நீங்கள் வரலாற்று நூலில் ஓர் ஆண்டைப் படிக்கும்போது, அதற்குப்பின் அம்மக்கள் என்ன ஆனார்கள் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். என்னை ஒருவரும் கேட்காமற்போனதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.