கெமர் மொழி கற்ற அயலார்

கம்போடிய நாட்டுப் பழங்கோயில்களிற் காணப்படும் கல்வெட்டுகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை, வடமொழிச் செய்யுளாய் அமைந்து தெய்வங்களையும் மன்னரையும் போற்றுவது. மற்றது, கெமர் மொழி உரைநடையாய் அமைந்து, கோயிலுக்கு விட்ட நிலம் எது, மாடு எத்தனை, ஏவலர் யாவர் என்று கணக்குரைப்பது. இவ்விரண்டில் எதை முதலிற் கற்பது என்ற வினாவிலேயே அயலார் கெமர் கற்ற வரலாற்றின் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது.

1863இல் கம்போடியா பிரெஞ்சுக்காரரின் பாதுகாப்புக்கு உட்பட்டது. பின்னர், பார்த், பெர்கேஞ் என்னும் பிரெஞ்சு வடமொழி வல்லுநர் இருவர் கல்வெட்டுகளின் மைப்படிகளை ஆராய்ந்தனர். அவர்கள் படித்தறிந்த வடமொழிக் கல்வெட்டுகள் 1885இலும் 1893இலும் நூலுருப் பெற்றன. மன்னர் வரிசை விளங்கலாயிற்று. ஆனால் அந்நாட்டு மக்கள் விளங்கவில்லை.

மக்களை நோக்கித் திரும்பியவர் எத்தியேன் எமோனியே. ஆட்சிப் பணிக்கு வந்த இவர் மக்கள் பேசும் மொழியை முதலிற் கற்றார். சைகோனில் இளம் அலுவலர்க்கு அதனைக் கற்பித்தார். 1878இல் கெமர்–பிரெஞ்சு அகராதி வெளியிட்டார். அதன் பின்னரே, கம்போடிய உதவியாளர் துணையுடன் கெமர்க் கல்வெட்டுகளைப் படிக்கப் புகுந்தார். பேச்சு மொழியே கல்லைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

இரு நெறிகளையும் ஒன்றாக்கியவர் ஜார்ஜ் செதேஸ் (1886–1969). 1904இல், பதினெட்டு வயதளவிலேயே, கம்போடியக் கல்வெட்டொன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டவர் இவர். 1937 முதல் 1966 வரை எட்டுத் தொகுதிகளாக இவர் வெளியிட்ட கல்வெட்டு நூலில் வடமொழியும் கெமரும் சமமாக மதிக்கப்பட்டன. ஆண்டு குறிக்கப்பெற்ற கெமர்க் கல்வெட்டுகளில் மிகப் பழையது அங்கோர் போரெய் என்னுமிடத்தது, கி.பி. 611ஆம் ஆண்டினது. அக்காலக் கெமர்க் கல்வெட்டுகளில் ஏவலர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆணின் பெயர்முன் ‘வா’ என்றும், பெண்ணின் பெயர்முன் ‘கு’ என்றும் அடை நிற்கிறது. புகழ்ப்பாக்களில் இடம்பெறாத எளியோர் இங்கேதான் பெயரோடு நிற்கின்றனர்.

இங்கு நம்மவர் பெருமிதம் ஒன்றைச் சொல்லவேண்டும். கெமர் எழுத்து, பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. ‘நகரம்’ என்பதே ‘அங்கோர்’ எனத் திரிந்தது. ஆசிரியரை அவர்கள் ‘க்ரூ’ என்பர், அது ‘குரு’வே. இவ்வளவும் உண்மை. ஆயினும் இதனோடு நிற்பவர், வடமொழிப் பாடலோடு நின்றவர் போன்றவரே ஆவார்.

நானும் அவ்வாறு நின்றவன். தோட்டப் பள்ளியில் பல்லாண்டு அரிச்சுவடி கற்பித்தவன் என்னும் துணிவில், கெமர் அரிச்சுவடி ஒன்றை வாங்கினேன். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். நம் ககரத்துக்கு நேரான எழுத்தோடு ஆகாரக் குறி சேர்ந்தால் ‘கா’ என ஒலிக்கிறது. வடமொழியின் மூன்றாம் ககரத்துக்கு நேரான எழுத்தோடு அதே குறி சேர்ந்தாலோ ‘கியா’ என ஒலிக்கிறது! மெய்யின் பழைய ஒலி வேற்றுமை மறைந்து, உயிரின் வேற்றுமையாகியிருக்கிறது. சொல்லாக்கமும் வேறு. நடத்தலைக் குறிக்கும் ‘டாஅ’ என்னும் சொல்லின் இடையில் ஓரசை புகுந்து, ‘டாம்னாஅ’ எனப் பயணத்தைக் குறிக்கிறது. எழுத்து நம் பக்கத்திலிருந்து சென்றது, மொழியோ அவர்களுடையது. முதல் வகுப்புப் பிள்ளை எழுத்தின் முன் ஏன் விழிக்கிறது என்பதை ஐம்பது வயதுக்கு மேல் அன்றுதான் உணர்ந்தேன்.

கெமருக்கு உறவான மொழிகள் மோன், வியட்நாமியம் முதலியன. நம் மலேசியப் பழங்குடியினரான செமாய், தெமியார் மக்களின் மொழிகளும் அக்குடும்பத்தனவே. நம் தோட்டங்களுக்கு அப்பாலுள்ள காட்டிலேயே கெமரின் உறவு வாழ்கிறது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

பல்கலைக்கழகங்களில் அயலார் கெமர் கற்க நல்ல பாடநூல்கள் பின்னரே தோன்றின. இலண்டனில் கற்பித்த ஜூடித் ஜேக்கப் அம்மையாரின் நூல் 1968இலும், அமெரிக்கரான ஃபிராங்கிளின் ஹஃப்மனின் நூல்கள் 1970இலும் வந்தன. அதற்கு முன்பே, சுவோன் நாத் என்னும் கம்போடியத் துறவியார் தலைமையில் உருவான கெமர்ப் பேரகராதி 1938, 1943ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாய் வந்திருந்தது. 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் ஆட்சி புகுந்தது; பல்கலைக்கழகம் மூடப்பட்டது; 1979 சனவரிக்குள் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஆசிரியர் பலர். அந்நாளில் கம்போடியாவில் உயர்கல்வி அவிந்திருக்க, அயல்நாட்டு வகுப்பறைகளிற் கெமர் ஒலித்தது. தப்பிப் பிழைத்த ‘க்ரூ’மார் தம் நாட்டிற் கல்வியை மீண்டும் தொடங்கினர். இன்று புனோம்பென் நகரிலேயே அயல்நாட்டு மாணவர் கெமர் கற்கின்றனர்.

அவ்வகுப்பில் ஒரு நாள் நம் தமிழ் மாணவரும் அமரவேண்டும். ‘எங்கள் எழுத்து’ என்ற சொல்லை வாயிலிலேயே விட்டுவிட்டு, ‘உங்கள் மொழியைக் கற்பியுங்கள், க்ரூ’ என்று கேட்கும் மாணவராக அவர் அமரவேண்டும்.