தொழிற்சாலைகளில் விபத்துத் தடுப்பும் காவலும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்

தொழிலாளரை விபத்து, தீ, நோய் ஆகியவற்றிலிருந்து காப்பது தொழிற்சாலையின் ஒரு கடமை. திருட்டு, அத்துமீறல், தொழில் இரகசியக் கசிவு ஆகியவற்றைத் தடுப்பது மற்றொன்று. ஆலைப் பேச்சில் முன்னது ‘சேஃப்டி’, பின்னது ‘செக்யூரிட்டி’. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் கார், கைபேசி, மின்னணுப் பொருள் ஆலைகள் செறிந்திருப்பதால் இரண்டுக்கும் இங்கே தேவை மிகுதி.

முரண்படும் இடம்

இரண்டும் மோதிக்கொள்வது பெரும்பாலும் கதவருகில். காவலுக்கு வழிகள் குறைவாகவும் பூட்டியும் இருக்க வேண்டும். தீ பிடித்தால் அவை பலவாகவும் உள்ளிருந்து உடனே திறப்பனவாகவும் இருக்க வேண்டும். நியூயார்க்கின் டிரையாங்கிள் தையலகத்தில் 1911இல் தீப்பற்றியபோது ஒரு வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தனர். இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 38ஆம் பிரிவு, தீ விபத்தில் அனைவரும் தப்பிக்கப் பாதுகாப்பான வழி இருக்க வேண்டும் என்றது.

மின்காந்தப் பூட்டு இதற்கு ஒரு தீர்வு. மின்சாரம் நின்றால் அது தானே விடுபடும். தீ எச்சரிக்கை மணியுடன் இணைத்தால் மணி ஒலித்ததும் கதவு திறக்கும். அடையாள அட்டைப் பதிவோ காவலுக்காக வைக்கப்பட்டாலும், உள்ளே சிக்கியவர் யார் என்று கணக்கெடுக்கவும் உதவும்.

இரவுப் பணி

பெண்களை இரவில் வேலை வாங்கத் தடைவிதித்த, 1948 சட்டத்தின் 66ஆம் பிரிவின் விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாதெனத் தீர்ப்பளித்து, போக்குவரத்து, காவல் முதலியவற்றை நிபந்தனையாக்கியது. இதனால் நிறுவனத்தின் பொறுப்பு மதிற்சுவரைத் தாண்டி நீண்டது.

2021 நிகழ்வு

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆப்பிளுக்காகக் கைபேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். உற்பத்தி நின்றது, ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் இயங்கியது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரவிதிகளுக்கு ஒவ்வாதவை என்ற ஆப்பிள் நிறுவனம், ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. கைபேசியின் வடிவத்தைக் காக்கும் கண்டிப்பு, அதன் பாகங்களைப் பொருத்துபவரின் சமையற்கூடம்வரை எட்டவில்லை. பின்னர் இதே பகுதியின் வல்லம் வடகாலில் மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

சட்டமும் நிர்வாகமும்

1948 சட்டம் 1,000 தொழிலாளர் கொண்ட ஆலைக்குப் பாதுகாப்பு அலுவலர் வேண்டுமென்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020 அந்த எண்ணிக்கையை 500ஆகக் குறைத்தது. காவலாளிகளை வழங்கும் முகமைகளுக்கு 2005ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் ஆலைகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆய்வு செய்கிறது. காவல் முகமைகளின் உரிமம் அதன் பொறுப்பில் இல்லை. ஆலைக்குள்ளும் விபத்துத் தடுப்பு, காவல் என்ற இரு பிரிவுகளும் தனித்தனி அதிகாரியின்கீழ் இயங்கினால், தீ ஒத்திகையில் வாயிற்காவலரையும் சேர்ப்பதும், ஆபத்து வேளையில் யார் சொல் இறுதி என்பதை எழுத்தில் முன்கூட்டியே வகுப்பதும் இன்றியமையாதவை.