சுழலும் மூட்டின் கதை

பெங்களூரின் கிழக்கே, தொம்மலூரில், பழமையான சொக்கநாதசுவாமி கோயில் ஒன்று இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. நாடு கடந்து சென்ற வணிகரை நினைவூட்டும் பெயர் அது. அந்நாளில் சரக்கு வண்டியை இழுத்தது மாட்டின் கழுத்திலிருந்த நுகம். இந்நாளில் அவ்வழியே செல்லும் லாரியின் அடியிலும் நுகம் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

லாரியின் எஞ்சின் சட்டத்தில் நிலையாக நிற்கிறது. பின் அச்சோ வில்லின்மீது ஏறி இறங்குகிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு சுழலவும் வேண்டும், வளைந்து கொடுக்கவும் வேண்டும். ஆதலால் அதன் முனைகளில், எதிரெதிரான இரு கவைகளைக் கூட்டல் குறி போன்ற எஃகுத் துண்டொன்று பிணைக்கிறது. நூல்கள் இதனை யுனிவர்சல் ஜாயிண்ட் என்னும். பட்டறையில் இதன் பெயர் 'கிராஸ்'.

இம்மூட்டுக்கு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் (1501–1576) பெயரும் வழங்குகிறது. 1664-இல் இதனை விவரித்த ஜெர்மானியர் ஷாட், இருபுறமும் ஒரே சீராகச் சுழலும் என்று எண்ணினார். அது தவறென ஆங்கிலேயர் இராபர்ட் ஹூக் கண்டறிந்தார். தண்டு 10 பாகை சாய்ந்தால், மறுமுனையின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறக்குறைய 1.5 சதவீதம் கூடியும் குறைந்தும் வரும். இரண்டு மூட்டுகளை முறையாக இணைத்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்யும் என்ற வழியையும் 1683-இல் அவரே கூறினார்.

மோட்டார் வண்டிகள் சங்கிலியால் ஓடிய காலத்தில், அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-இல் இம்மூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1959 முதல் ஜபல்பூரில் இராணுவத்துக்காகச் சக்திமான் லாரிகள் உருவாயின. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அவ்வண்டியில் தண்டுகளும் மூட்டுகளும் இன்னும் மிகுதி.

ஹூக்கின் கணக்கு ஏட்டோடு நின்றுவிடவில்லை. தண்டைக் கழற்றுமுன் இரு பகுதிகளிலும் அடையாளமிட வேண்டும் என்று தேர்ந்த மெக்கானிக் வற்புறுத்துவது அதனால்தான். தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமையாவிடில் பிழைகள் ஈடாகா. அதிர்வு மிகும், பேரிங் தேயும்.

கிரீஸ் ஏற்றும்போது கிராஸின் நான்கு முனைகளிலும் பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்ட வேண்டும். ஒரு முனை அடைபட்டிருந்தால் அங்குள்ள ஊசி உருளைகள் வறண்டு போகும்; செந்துருப் பொடி கசிவது அதன் அறிகுறி. புதிய கிராஸ் வாங்குகையில், விலையை மட்டுமோ பொருந்துகிறதா என்பதை மட்டுமோ பார்த்தல் போதாது. முதல் கியரில், முழுச் சுமையோடு, ஏற்றத்தில் வரும் முறுக்கு விசையைத் தாங்குமா என்பதே கேள்வி.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய இறக்கத்தில் இம்மூட்டு முறிந்தால், எஞ்சின் தரும் தடுப்பு அக்கணமே அற்றுப்போகும். தொங்கும் தண்டு பிரேக் குழாயையும் அறுக்கக்கூடும். பிற மாநிலச் சாலைகளில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம்மவர் பலர். அவர்கள் வீடு திரும்புவது, கைப்பிடி அளவான இவ்வெஃகுத் துண்டையும் அதற்கு உரிய நாளில் கிரீஸ் இட்ட கையையும் நம்பியே இருக்கிறது.